இருநூறு மீற்றர் மணிக்கூடு

வெங்காயத் தாள் மஞ்சளடித்தால் உரப்பசளை காணாது. நுனி கருகினால் தண்ணீர் உவர். மாசி மாதம் நாலாம் நாள் காலை என்னுடைய இருபத்திநாலு பாத்தியிலும் நுனி கருகிக் கிடந்தது. ஒன்று விடாமல், நெருப்புக்குச்சி பிடித்த மாதிரி. வரம்பில் நின்று பார்த்தேன். இதற்குக் காரணம் யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. இராசநாயகம்.

இராசநாயகம் என் சித்தப்பா மகன். தீவில், புளியங்கூடலில், எங்கள் இருவருக்கும் ஒரு கிணறு பொது. ‘கிணற்றில் இரண்டில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ என்று அவன் காணி உறுதியிலும் எழுதிக் கிடக்கிறது, என் உறுதியிலும் எழுதிக் கிடக்கிறது. தீவுக் கிணறு எப்படியென்றால், மேலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே கடல். மேலே கிடப்பதை அளவாக இறைத்தால் வாயில் வைக்கலாம். ஆசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறி வரும். அதனால் எங்கள் தகப்பன்மார் ஏழு வருடம் வழக்காடிவிட்டு, பிறகு ஒரு முறை பேசி வைத்தார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை இறைப்பு. ஆறு மணிக்கு இராசநாயகம் தண்ணீர் மிசின் போடலாம், ஏழுக்கு நிற்பாட்ட வேண்டும். ஏழுக்கு நான் போடலாம், எட்டுக்கு நிற்பாட்ட வேண்டும். அதற்குப் பிறகு கிணற்றை ஊற விட வேண்டும். முதல் தண்ணீர் அவன் பக்கம் போனதற்குக் காரணம், அவன் தகப்பன் என் தகப்பனைவிட உரத்துக் கதைப்பவர்.

முறை நல்ல முறைதான். ஆனால் ஏழு மணி என்பதை யார் சொல்வது? இராசநாயகம் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவன். பிரியாவிடைக்குக் கொடுத்த மஞ்சள் மணிக்கூடு அவன் கையில் மினுங்கும். என் கையில் ஒன்றும் இல்லை. மணிக்கூடு கட்டாதவனுக்கு ஏழு மணி என்பது மற்றவன் சொல்லும் கதை. எட்டு மணி மட்டும் எனக்கு நானாகவே தெரியும். யாழ்ப்பாணம் போகும் எட்டு மணி பஸ் சந்தியில் ஹோர்ன் அடிக்கும். அடித்ததும் நான் மிசினை நிற்பாட்டிவிடுவேன். கூட இறைத்தவன் என்று என்னை எவனும் சொல்ல முடியாது.

அன்று நேரே அவன் வீட்டுப் படலையில் போய் நின்றேன்.

“என்ர வெங்காயம் கருகுது. நீ ஏழுக்கு நிப்பாட்டுறேல்லை.”

“அண்ணை, ஏழுக்கு ஒரு நிமிசம் கிடக்கேக்கையே நான் நிப்பாட்டுறனான். இந்தா பாருங்கோவன்.” கையை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினான்.

எனக்கு முள் மணிக்கூடு பார்க்க வராது. நாலாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவன் நான். பெரிய முள் நிற்கிற இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும் என்பார்கள். பெருக்கி முடிக்கிற நேரத்துக்குள் அது அடுத்த இலக்கத்துக்குப் போய்விடும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் நீட்டினான்.

“உன்ர கையில கிடக்கிறது உன்ர சொல்லைத்தானே கேக்கும்.”

“அப்ப நீங்களும் ஒண்டு வாங்கிக் கட்டுங்கோ. உங்கட சொல்லைக் கேக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து மனிசிக்குச் சொன்னேன். அன்னபூரணம் குசினிக்குள் இருந்தபடியே, “அவன் சொன்னதில என்ன பிழை? வாங்குங்கோவன். நாப்பது வருசமா என்னட்டைத்தான் நேரம் கேக்கிறியள், நான் சொன்னாலும் நம்புறேல்லை” என்றாள்.

எனக்கு நேரத்திலேயே நம்பிக்கையில்லை. ஒரு காலம் அரசாங்கம் இரவோடிரவாக மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சில மாதத்தில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி இழுத்தது. பத்து வருடம் போக மிச்ச அரையையும் இழுத்தது. தள்ளினபோதும் காரணம் சொன்னார்கள், இழுத்தபோதும் காரணம் சொன்னார்கள். என் மாடு மட்டும் ஒரு நாளும் பிந்திப் பால் தரவில்லை. ஆனால் வெங்காயம் போனால் அந்த வருடம் போயிற்று. வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

என்ன மணிக்கூடு வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. முள் கூடாது, இலக்கம் வேண்டும். சேறு பட்டாலும், தண்ணீர் பட்டாலும், மண்ணெண்ணெய் பட்டாலும் ஓட வேண்டும். மண்வெட்டி கல்லில் அடிக்கிற அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கட்டுவது, கோயிலுக்கு ஒன்று தோட்டத்துக்கு ஒன்று என்று கழற்றிப் பூட்ட என்னால் ஏலாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஏழு மணியானால் அது சத்தம் போட வேண்டும். எனக்கு மட்டும் கேட்டால் போதாது. இராசநாயகத்துக்குக் கேட்க வேண்டும்.

இந்தக் கதை எப்படியோ லண்டனுக்குப் போய்விட்டது. மனிசியின் தமையன் மகன் சுஜிதன் போனில் முகத்தைக் காட்டினான்.

“மாமா, நீங்கள் கடை கடையாத் திரியாதேங்கோ. நான் ஸ்மார்ட் வோச் ஒண்டு அனுப்பிறன். நெஞ்சு அடிக்கிறதை எண்ணும். நித்திரையை எண்ணும். ஒரு நாளைக்கு எத்தினை அடி நடந்தனீங்கள் எண்டும் சொல்லும்.”

“ஆருக்குச் சொல்லும்?”

“உங்களுக்குத்தான்.”

“நான் நடந்தது எனக்குத் தெரியாதோ?”

“அதில்லை மாமா, நீங்கள் எங்கையும் விழுந்தா எனக்கு உடனை மெசேஜ் வரும்.”

“வந்து? நீ அங்கையிருந்து தூக்கிவிடுவியோ?”

அவன் சிரித்துக்கொண்டு, இரவில் மட்டும் மறக்காமல் சார்ஜில் போட வேண்டும் என்றான். எனக்கே மனிசி இரவில் நேரத்துக்குச் சாப்பாடு போடுவதில்லை. மணிக்கூட்டுக்கு யார் போடுவது? வேண்டாம் என்றுவிட்டேன்.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் போனேன். பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு கடை. ஜெனுஷன் என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெடியன் கண்ணாடி அலுமாரியைத் திறந்து நாலு மணிக்கூட்டை வெல்வெற் துணியில் வைத்தான். நாலும் ஆமை ஓடு மாதிரித் தடிப்பம்.

“ஐயா, இது இருநூறு மீற்றர்.”

“பட்டியோ? அவ்வளவு நீளம் எனக்கு எதுக்கு?”

“இல்லை ஐயா. இருநூறு மீற்றர் ஆழம் தண்ணிக்குள்ள போனாலும் ஒண்டும் செய்யாது.”

“எனக்கோ, மணிக்கூட்டுக்கோ?”

“மணிக்கூட்டுக்கு.”

“அந்த ஆழத்தில நான் இருப்பனோ?”

பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீங்கள் இருக்கேலாது ஐயா.”

“அப்ப நான் செத்தாப் பிறகும் உது ஓடிக்கொண்டிருக்கும்.”

“ஓம் ஐயா, பத்து வருச பற்றரி” என்றான் சந்தோசமாக.

எங்கள் கிணறு பதினாறு அடி. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாவதைத் தூக்கினான். பச்சையும் மண்நிறமும் கலந்திருந்தது. “இது ஆமிக்காரர் கட்டுறது ஐயா. அவ்வளவு பலம்.”

“எந்த ஆமி?”

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “வெளிநாட்டு ஆமி ஐயா” என்றான்.

“எல்லா ஆமியும் ஆருக்கோ வெளிநாட்டு ஆமிதான் தம்பி. அடுத்ததைக் காட்டும்.”

அடுத்ததில் திசை காட்டுகிற ஊசி இருந்தது. எங்கள் தீவில் எந்தத் திசைக்கு நடந்தாலும் கடல்தான் வரும், அதற்கு ஊசி தேவையில்லை என்றேன். அதிலேயே உலக நேரமும் இருக்கிறது என்று பொத்தானை அமத்தி அமத்திக் காட்டினான். ரொறன்ரோ, லண்டன், பரிஸ், சூரிச், மெல்பேண். எங்கள் சனம் ஓடிப்போன ஊர் ஒன்றையும் விடவில்லை.

“புளியங்கூடல் கிடக்கோ?”

“இல்லை ஐயா.”

“போன ஆக்களுக்கு நேரம் வைச்சிருக்கிறாங்கள். நிண்டவனுக்கு இல்லை.”

கடைசியாகக் கிடந்ததும் இருநூறு மீற்றர்தான், சாம்பல் நிறம். வடிவில்லை. இலக்கம் மட்டும் பெரிது, ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் தெரிந்தது. விழுந்தாலும் உடையாது என்றான். கையில் எடுத்து நிலத்தில் போடப் போனேன். பாய்ந்து பிடித்தான்.

“உடையாது எண்டுதானே சொன்னீர்?”

“உடையாதுதான் ஐயா. வாங்கினாப் பிறகு போடுங்கோ.”

அந்த ஒரு சொல்லில் இந்தக் கடைகளின் முழு வியாபாரமும் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர்ச் சோதனைக்கு அவன் மறுக்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வாளிக்குள் போட்டுவிட்டு இருவரும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடியது. பிறகு சத்தச் சோதனை. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தானாகக் கூவும் என்றான். நான் அவனைக் கடையில் நிற்பாட்டிவிட்டு தெருவைக் கடந்து போய் எதிர்க்கடை வாசலில் நின்றேன். கூவ வைத்தான். இரண்டு பஸ்சும் ஒரு ஓட்டோவும் இடையில் நிற்க, கேட்டது. ஒரு பொம்பிளை திரும்பிப் பார்த்தாள்.

“இதைத் தாரும்” என்றேன்.

சத்தத்தை நிற்பாட்ட வேண்டுமென்றால் இரண்டு பொத்தானை ஒன்றாக அமத்தச் சொல்லிக் காட்டித் தந்தான். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எந்த இரண்டு என்று மறந்துபோனேன். மறந்தது நல்லது என்று அப்போது நினைத்தேன்.

கட்டின இரண்டாம் நாள் பக்கத்து ஊர் சுருவிலில் ஒரு செத்தவீடு. பிரேதம் தூக்கப் போகிற நேரம், ஐயர் வாயைத் திறக்குமுன், என் கை கூவியது. பறைகூட ஒரு கணம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிரேதத்தைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர், “மூண்டு மணி சரியா. குறிச்ச நேரம் தப்பேல்லை, தூக்குங்கோ” என்றார். தூக்கினார்கள். வரும் வழியில் இரண்டு பேர் மணிக்கூட்டின் விலை கேட்டார்கள். அன்னபூரணம் மட்டும் வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

அடுத்த இறைப்பு நாள். விடியுமுன் எழும்பி, இராசநாயகம் வருமுன் எல்லைக் கிளுவை வேலிக்குள் போய்க் குந்தியிருந்தேன். முன்னுக்குத் தொடங்குகிறானா, பிந்தி முடிக்கிறானா, இரண்டில் ஒன்றில் பிடிக்கலாம். அவன் வந்தான். மிசினுக்கு எண்ணெய் விட்டான். கயிற்றைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மஞ்சள் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான். என் முழங்கால் நோகத் தொடங்கியது. அப்போது என் கை கூவியது.

இராசநாயகம் கயிற்றை இழுத்தான். மிசின் பிடித்தது.

“ஆறு மணி” என்றான் வேலியைப் பார்த்து. “அண்ணை, வெளியில வாங்கோ. கிளுவை முள்ளுக் குத்தப்போகுது.”

வெளியே வந்தேன். வேறு வழி இல்லை. ஒரு மணித்தியாலம் அவனுடைய வரம்பிலேயே நின்று, அவன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதைப் பார்த்தேன். இலக்கத்தை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தேன். ஆறு ஐம்பத்தொன்பதுக்கு அவன் மிசினை நிற்பாட்டினான். சத்தம் அடங்கி, காகம் கத்துவது கேட்கத் தொடங்கின பிறகுதான் என் மணிக்கூடு ஏழு மணிக்குக் கூவியது.

“இனி உங்கட முறை. எனக்கு அவசர வேலை ஒண்டும் இல்லை, நானும் எப்பன் நிண்டு பாக்கிறன்” என்றான். மனிசியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் எடுப்பித்தான்.

நான் என் மிசினைப் போட்டேன். பதினெட்டாம் பாத்தி நிறைந்து, மண்வெட்டியை ஊன்றி நிமிரும்போது கை கூவியது. யாழ்ப்பாணத் தெருவைக் கடந்த சத்தம் அது. இராசநாயகத்தின் மனிசி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, எட்டு” என்றான் இராசநாயகம்.

“எட்டில்லை. பஸ் இன்னும் வரேல்லை.”

“எந்தப் பஸ்?”

“எட்டு மணி பஸ்தான். வேறை எந்தப் பஸ்?”

அவன் தேத்தண்ணிக் கோப்பையை வரம்பில் வைத்தான். “அண்ணை, எட்டு மணி பஸ் நிண்டு ரெண்டு வருசம். இப்ப வாறது எட்டு இருபது.”

“சனம் எட்டு மணி பஸ் எண்டுதானே சொல்லுது.”

“சனம் பழக்கத்தில சொல்லுது.”

“அப்ப மணிக்கூடு பிழை. புதுசு, இன்னும் பழகேல்லை” என்றேன்.

சொல்லும்போதே அது எவ்வளவு விசர்க் கதை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆறு பாத்தி காய்ந்து கிடக்கிறது, அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறான், நான் எப்படி மிசினை நிற்பாட்டுவது? நிற்பாட்டவில்லை. அவன் சண்டைக்கு வரவில்லை. வாய்க்காலில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடைசிப் பாத்தி நிறைந்தபோது பஸ் ஹோர்ன் அடித்தது. மணிக்கூட்டில் எட்டு இருபது.

அன்றே யாழ்ப்பாணம் போய் மணிக்கூட்டைக் கழற்றி ஜெனுஷனுக்கு முன்னால் வைத்தேன். “இது இருபது நிமிசம் முன்னுக்கு ஓடுது.”

அவன் தன் போனைப் பக்கத்தில் வைத்தான். சரி. சுவர் மணிக்கூட்டைக் காட்டினான். சரி. றேடியோவில் செய்திக்கு முன் அடிக்கிற மணியையும் இருந்து கேட்டோம். அதுவும் சரி.

“எல்லாம் ஒரே மாதிரித்தானே ஐயா சொல்லுது.”

“ஓம். ஒண்டாச் சேந்திட்டுதுகள்” என்றேன். அவன் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து என் முறை. இராசநாயகம் தன் முறையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். பார்க்க ஒருவரும் இல்லாததால் ஒரு காரியம் செய்தேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன். ஏழரைக்கு நல்ல தண்ணீர். எட்டுக்கு எப்பன் சப்பென்று இருந்தது, ஆனால் குடிக்கலாம். எட்டு பத்துக்கு உப்பு நாக்கின் ஓரத்தில் பிடித்தது. எட்டு இருபதுக்குத் துப்பினேன்.

மிசினை நிற்பாட்டிவிட்டு வரம்பில் இருந்தேன். கணக்கு எனக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கு வந்தது. கடைசி ஆறு பாத்தியையும் நனைக்க நான் கிணற்றின் அடிவரை உறிஞ்சியிருக்கிறேன். அப்படி மேலே ஏறிய உப்பு மூன்று நாளில் முழுவதும் இறங்குவதில்லை. அடுத்த முறை மேல் தண்ணீரை அவன் இறைத்துக்கொண்டு போக, மிச்சத்தில் பாதி உப்பு எனக்கு. ஏழரைக்கு என் நாக்குக்குத் தெரியாத உப்பு வெங்காயத்துக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக, பதினெட்டுப் பாத்தியை நான் இருபத்திநாலாகக் கூட்டின நாள் தொடக்கம், இந்த வேலை நடந்திருக்கிறது. முதல் வருடம் கிணறு தாங்கியது, இந்த வருடம் தாங்கவில்லை. என் வெங்காயத்தைக் கருக்கினது நான்தான். இராசநாயகத்தின் வெங்காயத்தையும் கொஞ்சம் கருக்கியிருக்கிறேன்.

அடுத்த முறை மணிக்கூடு எட்டுக்குக் கூவியதும் மிசினை நிற்பாட்டினேன். பதினெட்டுப் பாத்தி நனைந்தது. ஆறு பாத்தியைக் கைவிட்டேன். அந்த ஆறையும் பிஞ்சிலேயே பிடுங்கி, தாளோடு கட்டுக் கட்டாகச் சந்தைக்குக் கொடுத்தோம். பிடுங்கும்போது அன்னபூரணம் கேட்டாள், “ஏன் ஆறு பாத்தியை அழிக்கிறியள்?”

“மண்ணெண்ணெய் விலை.”

“மண்ணெண்ணெய் விலை ஏறி எவ்வளவு காலம். இப்பத்தானோ உங்களுக்குத் தெரிஞ்சுது?”

அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் கேட்கவில்லை. நாற்பது வருடத்தில் அவள் எனக்குச் செய்த பெரிய உதவி அது.

நாலு இறைப்புக்குப் பிறகு நடுக்குருத்துப் பச்சையாக வந்தது. பழைய நுனிகள் கருகினபடிதான் கிடந்தன, ஆனால் புதிதாக வந்தது ஒன்றும் கருகவில்லை. பங்குனிக் கடைசியில் பதினெட்டுப் பாத்தி வெங்காயம் கிண்டினோம். முந்தின வருடம் இருபத்திநாலில் கிடைத்ததைவிட அரை மூட்டை கூட. இதை நான் எவருக்கும் சொல்லவில்லை. இராசநாயகத்துக்குச் சொல்லவே மாட்டேன்.

அவனுடைய வெங்காயமும் அந்த முறை திறம். கிண்டி முடித்து, காயப் போட்டுவிட்டு, ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் நின்றபடி கதைத்தான்.

“அண்ணை, வாற போகம் நீங்கள் முதல் இறையுங்கோ. ஆறு தொடக்கம் ஏழு நீங்கள். நான் பேந்து இறைக்கிறன்.”

“ஏன்?”

“சும்மாதான். எங்களுக்கு முதல் தண்ணி வந்து அறுபது வருசமாச்சு. எப்பன் மாத்தி இறைப்பம்.”

அறுபது வருடம் விடாத முதல் தண்ணீர். ஏழு வருடம் வழக்காடியும் என் தகப்பனுக்குக் கிடைக்காத தண்ணீர். அதை வெறும் வாயால் முற்றத்தில் வந்து தருகிறான்.

“யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன்.

அவன் படலையைத் தாண்டினதும் அன்னபூரணம் வந்தாள். “அந்த மனிசன் நல்லெண்ணத்திலதான் கேக்குது. ஓம் எண்டு சொல்லிவிடுங்கோவன்.”

“நல்லெண்ணத்தில ஆரும் தண்ணி குடுப்பானோ? நான் பிந்தி இறைச்சால்தானே அவனை நிண்டு பாக்கலாம். முன்னுக்கு இறைச்சா அவன் என்ன செய்வான் எண்டு ஆர் பாக்கிறது? நான் எட்டு மணிவரை வேலிக்குள்ள குந்தியிருக்கவோ?”

“ஆர் உங்களைக் குந்தச் சொன்னது?”

அவளுக்கு இதெல்லாம் விளங்காது. நான் அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன், எங்காவது உடைத்து வைத்திருக்கிறானா என்று. இல்லை. கிணற்றுக் கட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உறுதியை எடுத்து, உறுதித் தமிழ் விளங்கும் ஒருவரைக் கொண்டு முதல் இறைப்பவனுக்கு ஏதாவது பாரம் எழுதியிருக்கிறதா என்று வாசிப்பித்தேன். அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

எட்டாம் நாள் அவன் படலைக்குப் போய், பழைய முறையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

“சரி அண்ணை, உங்கட விருப்பம்” என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் தண்ணீரில் அப்படி என்ன நல்லது இருக்கிறது, அவன் அதற்கு ஆசைப்பட?